குதிகாலில் நாலு சொட்டு

பிறந்து மூன்று நாளான பிள்ளையின் பாதம் என் ஆள்காட்டி விரல் நீளம்தான் இருக்கும். அதில் ரத்தம் எடுக்க எனக்குக் கிடைக்கிற இடம் இன்னும் சின்னது. கட்டை விரலின் நடுவிலிருந்து குதிகால் வரைக்கும் ஒரு கோடு, நாலாவது விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவிலிருந்து இன்னொரு கோடு என்று மனசுக்குள் போட்டுக்கொள்வேன். அந்த இரண்டு கோட்டுக்கும் வெளிப்பக்கம், குதிகாலின் ஓரச் சதையில்தான் குத்த வேண்டும். நடுவில் குத்தினால் தோலுக்குக் கொஞ்சம் கீழேயே எலும்பு. பின்பக்க வளைவு அதைவிட மோசம். லான்செட் 2 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது.

அந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு மைப்பொட்டு இருக்கும். திருஷ்டிப் பொட்டு.

"அத அழிக்காத தாயி. நேத்துத்தான் கண்ணு பட்டு ராத்திரி பூரா அழுதுச்சு" என்பார் அப்பத்தா. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் பதிலே சொல்லாமல் ஸ்பிரிட் பஞ்சை எடுத்துத் துடைத்துவிடுவேன். அப்பத்தா மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார். பச்சை உடம்புக்காரி இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கண் கலங்குவாள். அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது. "நீங்களே தொடைச்சு விடுங்க அப்பத்தா. எடுத்து முடிச்சதும் அந்தக் கால்ல வச்சு விட்டுருங்க" என்பேன். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியையும் அவர் கையிலேயே கொடுத்துவிடுவேன். அவர் துடைத்துவிட்டு, மூன்று நிமிஷம் ஒத்தடம் கொடுப்பார். எனக்கு வேண்டியதும் அதுதான். சூடு பட்ட குதிகாலில் ரத்தம் தானாகத் திரண்டு வரும். பிழிய வேண்டியதில்லை.

பிழிவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குத்தியதும் வருகிற முதல் சொட்டைத் துடைத்து எறிந்துவிட வேண்டும், அதில் சதை நீர் கலந்திருக்கும். இரண்டாவது சொட்டு தானே உருண்டு நிற்கும் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளை கத்துகிறது, தாய் தவிக்கிறாள், வெளியே இருபது பேர் நிற்கிறார்கள் என்று எலுமிச்சம்பழத்தைப் பிழிகிற மாதிரி பிழிந்தால் சிவப்பணுக்கள் உடையும். உடைந்த அணுவுக்குள் இருக்கிற பொட்டாசியம் வெளியே கொட்டும். மிஷினுக்கு அதெல்லாம் தெரியுமா? கொடுத்ததை அளந்து சொல்லும். பொட்டாசியம் 7 என்று தாள் அடிக்கும். அதைப் பார்க்கிற டாக்டருக்கு வயிற்றைக் கலக்கும். ஏனென்றால் நிஜமாகவே 7 இருந்தால் இதயம் எந்த நிமிஷமும் தாளம் தப்பலாம்.

தாலுகா ஆஸ்பத்திரி ஒன்றில் 1989-இல் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். இடையில் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ஒன்பது வருஷம். மறுபடி தாலுகாவுக்கே வந்து 2022-இல் ஓய்வு. என் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. பெரியவர்களுக்கு 'லேப் மேடம்'. பிள்ளைகளுக்கு முதல் பத்து வருஷம் 'ஊசி அக்கா', அடுத்த பத்து வருஷம் 'ஊசி அத்தை', கடைசியில் 'ஊசிப் பாட்டி'. பதவி உயர்வு என்று பார்த்தால் அது ஒன்றுதான் ஒழுங்காக வந்தது.

பெரியவர்களுக்கு ரத்தம் எடுக்கிற கைதானே, பிள்ளைக்கு எடுக்க என்ன என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பச்சைக் குழந்தை உடம்பில் ஒரு கிலோ எடைக்குச் சுமார் 80 மில்லி ரத்தம். மூன்று கிலோப் பிள்ளையிடம் மொத்தமே 240 மில்லி, ஒரு பெரிய டம்ளர். குறைமாசத்தில் ஒன்றேகால் கிலோவில் பிறந்ததென்றால் 100 மில்லி, ஒரு டீ கிளாஸ். அந்த டீ கிளாஸிலிருந்து 5 மில்லி எடுப்பது, பெரியவர் ஒருவரிடம் கால் லிட்டர் எடுப்பதற்குச் சமம். காலையில் ஒரு டாக்டர் ஒரு டெஸ்ட் எழுதுவார், மத்தியானம் வருகிறவர் இன்னொன்று, ராத்திரி டியூட்டி வேறொன்று. சீட்டுக்களை வாங்கி வைத்துக்கொண்டு, "சார், இதையெல்லாம் ஒரே குத்துல முடிச்சுக்கலாமா?" என்று கேட்பது என் வேலைப் பட்டியலில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. சிலருக்குக் கோபம் வரும். வந்துவிட்டுப் போகட்டும்.

வலிக்கும் ஒரு வைத்தியம் உண்டு. தாய் மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டே இருக்கும்போது குதிகாலில் குத்தினால் பாதிக் குழந்தைகள் ஒரு முனகலோடு விட்டுவிடும். ஆராய்ச்சிகளும் அதையேதான் சொல்கின்றன: தாய்ப்பால், இல்லாவிட்டால் நாக்கில் ஒரு துளி சர்க்கரைத் தண்ணீர், அந்த வயசில் நல்ல வலி மருந்து. நம் பக்கம் சேனை தொட்டு வைக்கிற பழக்கம் இருப்பதால் சர்க்கரைத் தண்ணீர் என்றதும் பாட்டிமார்களுக்கு ஒரே சந்தோஷம். "அப்ப தேன் வைக்கலாமா?" என்று உடனே கேட்பார்கள். ஒரு வயசு வரைக்கும் தேன் ஆகாது. அதிலுள்ள ஒரு கிருமியின் வித்துக்கள் பிஞ்சுக் குடலில் முளைத்து விஷம் கக்கும் என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். எத்தனை பேர் கேட்டார்கள் என்பது வேறு கதை.

நான் சேர்ந்தபோது ஹீமோகுளோபின் பார்க்க 'சாலி' முறைதான். கண்ணாடிக் குழாயில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கீழ்க்கோடு வரை விட்டுக்கொண்டு, மெல்லிய பிப்பெட்டை வாயில் வைத்து 20 கன மில்லிமீட்டர் ரத்தத்தை உறிஞ்சி அதில் ஊத வேண்டும். கொஞ்சம் அசந்தால் வாய்க்குள் உப்புக் கரிக்கும். பத்து நிமிஷத்தில் ரத்தம் டிகாக்‌ஷன் நிறத்துக்கு மாறிவிடும். அப்புறம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, கண்ணாடிக் குச்சியால் கலக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பக்கத்தில் இருக்கிற பழுப்புக் கண்ணாடியின் நிறத்தோடு ஒத்து வரும்வரை பார்க்க வேண்டும். எத்தனையாவது கோட்டில் ஒத்து வந்ததோ அதுதான் ஹீமோகுளோபின். மேகமூட்டமான நாளில் ஊரில் எல்லாருக்கும் ரத்தம் அரை கிராம் முன்னே பின்னே இருக்கும்.

அந்தக் குழாயில் நான் அதிகம் பார்த்தது பால்காரப் பிள்ளைகளை. ஒன்றரை வயசு, கொழுகொழுவென்று இருக்கும், தூக்கினால் இடுப்பு வலிக்கும். ஆனால் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெளுத்த துணி மாதிரி. அமிலத்தில் ரத்தத்தை விட்டால் டிகாக்‌ஷனுக்குப் பதில் வெறும் கழுநீர். ஹீமோகுளோபின் 6. 

"என்ன சாப்பிடுறான்?"

"அவன் என்னத்த சாப்பிட்டான். பால்தான் மேடம். பசும்பால், ஒரு லிட்டர் ஆயிரும். அது நல்லதுதான?"

பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. வயிறு நிறையப் பால் இருந்தால் சோறு இறங்காது. தாய் வயிற்றிலிருந்து கொண்டுவந்த இரும்பு ஆறு மாசத்துக்குத்தான் காணும், அதுக்கப்புறம் கேப்பைக்கூழோ பருப்புச்சாதமோ முட்டையோ ஈரலோ உள்ளே போயாக வேண்டும். இரும்பு குறைந்தால் பிள்ளை சுவரைச் சுரண்டித் தின்னும், பல்பம் தின்னும், திருநீற்றை அள்ளி வாயில் போடும். "சாமி பிள்ளை, விபூதின்னா உசுரு" என்று ஒரு தாத்தா பெருமையாகச் சொன்னார். அந்தச் சாமி பிள்ளைக்கு 7.2. இதெல்லாம் அந்தக் காலம் என்று நினைக்க வேண்டாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஆறு மாசத்திலிருந்து ஐந்து வயசுக்குட்பட்ட பிள்ளைகளில் 57 சதவீதத்துக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய ஆய்வில் 51-ஐ ஒட்டி இருந்தது. ஏறியிருக்கிறது.

இனிச் சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு இன்னமும் தொண்டை அடைக்கும். 1996 என்று ஞாபகம். ஒன்றரை வயசுப் பெண் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தாய் வந்தாள். பிள்ளைக்கு நாக்கு கொஞ்சம் வெளியே தெரிந்தது, தொப்புள் பிதுங்கியிருந்தது, முடி தேங்காய் நார். இன்னும் உட்காரவில்லை. ரத்தம் எடுக்க நான் ஊசியைக் குத்தியபோதும் அழவில்லை. என்னைப் பார்த்தது, அவ்வளவுதான்.

"பொறந்ததுலேருந்தே இப்பிடித்தான் மேடம். அழவே அழாது. எழுப்பித்தான் பால் குடுப்பேன். தெருவுல எல்லாரும் சொல்லுவாக, இப்பிடி ஒரு சமத்துப் பிள்ளையப் பாத்ததில்லன்னு."

தைராய்டு டெஸ்ட் அப்போது எங்களிடம் கிடையாது. சீரத்தைப் பிரித்து, ஐஸ் வைத்த பிளாஸ்கில் போட்டு, பியூன் அண்ணன் பஸ்ஸில் மதுரைக்கு எடுத்துப் போனார். ஐந்தாம் நாள் தாள் வந்தது. டி.எஸ்.எச். 100-க்கு மேல். அதற்கு மேல் அளக்க அந்தக் கருவியால் முடியவில்லை. பிறவியிலேயே தைராய்டு சுரப்பி வேலை செய்யாத பிள்ளை. பிறந்த இரண்டு வாரத்துக்குள் கண்டுபிடித்திருந்தால் தினம் ஒரு துண்டு மாத்திரையைத் தாய்ப்பாலில் கரைத்துக் கொடுத்தால் போதும், மற்றப் பிள்ளைகள் மாதிரியே வளர்ந்திருக்கும். மூளை வளர்கிற முதல் மாசங்களில் அந்தச் சுரப்பு இல்லாமல் போனதை அப்புறம் எந்த மாத்திரையாலும் ஈடுகட்ட முடியாது. மாத்திரை ஆரம்பித்ததும் அவள் உயரமானாள், மூன்று வயசில் நடந்தாள், மலச்சிக்கல் போனது. படிப்பு ஏறவில்லை. நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அம்மாவோடு டி.எஸ்.எச். பார்க்க வருவாள். பெரிய மனுஷி. ஸ்டூலில் உட்கார்ந்து கையை நீட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அம்மா முகத்தை மட்டும் நான் பார்க்க மாட்டேன்.

அதனால்தான், பிறந்த பிள்ளைகளுக்குத் தைராய்டு பார்க்கிற குதிகால் சொட்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது மற்றவர்கள் வேலை கூடிவிட்டது என்று முணுமுணுக்க, நான் வாயைத் திறக்கவில்லை. தடிமனான வடிதாள் அட்டை. அதில் வட்டங்கள். ஒரு வட்டத்துக்கு ஒரு பெரிய சொட்டு, ஒரு பக்கத்திலிருந்து மட்டும், மறுபக்கம் வரை ஊறி நிறைய வேண்டும். சொட்டு மேல் சொட்டு வைத்தால் கணக்குத் தப்பும். அட்டையைப் படுக்கை வாக்கில் மூன்று நாலு மணி நேரம் நிழலில் காயவைக்க வேண்டும். காற்றாடிக்கு நேர் கீழே வைத்து, அது பறந்து டாக்டர் டீயில் விழுந்த கதையும் உண்டு. பிள்ளை பிறந்த முதல் நாள் டி.எஸ்.எச். இயற்கையாகவே எகிறும், குளிர்ந்த உலகத்துக்கு வந்த அதிர்ச்சி. அதனால் 48 மணி நேரம் கழித்துத்தான் குத்துவோம்.

இந்த வடிதாள் யோசனை ராபர்ட் கத்ரி என்ற அமெரிக்கருடையது, 1960களின் தொடக்கம். அவருடைய மகன் ஒருவனுக்கு மனவளர்ச்சி இல்லை. உறவில் ஒரு பெண் குழந்தைக்கு பி.கே.யு. என்ற வேறொரு பிறவிக் கோளாறு, காலத்தில் கண்டுபிடிக்காததால் அதற்கும் மூளை பாதிப்பு. அந்த மனுஷன்தான் காய்ந்த ரத்தப் பொட்டை வைத்தே பி.கே.யு. இருக்கிறதா என்று சொல்லும் வழியைக் கண்டுபிடித்தார். சின்ன ஊரில் பொட்டை எடுத்துத் தபாலில் பெரிய ஊருக்கு அனுப்பலாம் என்று ஆனது அதனால்தான். எங்கள் பியூன் அண்ணனின் பஸ் பயணம் முடிவுக்கு வந்ததும் அதனால்தான்.

ஒரு தடவை ஒரு அட்டையில் அளவு கூடுதல் என்று தகவல் வந்தது. மறுபடி நரம்பில் ரத்தம் எடுத்து உறுதி செய்ய வேண்டும். அட்டையில் எழுதியிருந்த போன் நம்பர் திருப்பூரில் இருக்கிற மாமனுடையது, அவர் எடுக்கவே இல்லை. குடும்பம் செங்கல் சூளைக்குப் போய்விட்டது. கிராம செவிலியர் ஸ்கூட்டியில் மூன்று சூளை தேடி, நாலாவதில் பிடித்தார். பதினொன்றாம் நாள் மாத்திரை ஆரம்பித்தது. அந்தப் பயல் லேப் வாசலில் நின்று, "நான் வரமாட்டேன், நீ வேணா குத்திக்க" என்று அவன் அப்பாவைப் பார்த்துக் கத்தியபோது அவனுக்கு மூன்று வயசு. அந்தக் கத்தலை ரசித்துக் கேட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மஞ்சளுக்கு வருகிறேன். பிறந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் இரண்டாம் மூன்றாம் நாளில் மஞ்சள் பூத்துப் பத்துப் பதினைந்து நாளில் தெளிந்துவிடும். பெரியவர்களுக்கு வருகிற காமாலையோடு இதைச் சேர்க்கக் கூடாது, கீழாநெல்லி அரைத்து ஊற்றவும் கூடாது. பிறந்த 24 மணி நேரத்துக்குள்ளே மஞ்சள் தெரிந்தால், அல்லது உள்ளங்கை உள்ளங்கால் வரைக்கும் இறங்கிவிட்டால், ஓடி வர வேண்டும். பிலிருபின் அளவுக்கு மீறினால் மூளையில் படியும்.

இந்த பிலிருபினுக்கு வெளிச்சம் ஆகாது. நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு குழாயை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்து சீனியர் கையால் வாங்கிக் கட்டிக்கொண்டேன். குழாயைக் கார்பன் தாளில் சுற்றி வைக்கப் பழகியது அன்றைக்குத்தான். அப்போது அவர் சொன்ன கதையைப் பிற்பாடு புத்தகத்திலும் படித்தேன். இங்கிலாந்தில் ரோச்ஃபோர்ட் என்ற ஊர் ஆஸ்பத்திரியில், 1956 வாக்கில், ஜீன் வார்டு என்ற சிஸ்டர் குறைமாசப் பிள்ளைகளை வெயில் காய முற்றத்துக்கு எடுத்துப் போவார். ஒரு நாள் ஒரு பிள்ளையின் துணியை விலக்கி டாக்டரிடம் காட்டினார்: மேலெல்லாம் வெளிறியிருக்க, துணி மூடியிருந்த இடம் மட்டும் ஒரு முக்கோணமாக மஞ்சள். அதே சமயத்தில் அந்த ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பிடித்த ஒரு கண்ணாடிக் குழாய் பல மணி நேரம் வெயில் பட்டுக் கிடந்திருக்கிறது. அளந்தால் பிலிருபின் எதிர்பார்த்ததைவிட வெகுவாகக் குறைவு. இரண்டையும் சேர்த்து யோசித்த கிரெமர் என்ற டாக்டரும் கூட இருந்தவர்களும் 1958-இல் விளக்குத் தொட்டில் செய்து காட்டினார்கள். இன்றைக்கு எல்லாப் பிரசவ வார்டிலும் எரிகிற நீல விளக்கின் ஆதி அதுதான். அவர்கள் லேபிலும் யாரோ என்னை மாதிரி ஒரு ஆள் குழாயை ஜன்னலில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்க வேண்டும். அவரை யாரும் திட்டினார்களா என்று புத்தகத்தில் இல்லை. 'காலை இளவெயிலில் காட்டுங்க' என்று வீட்டில் சொல்வது இதன் நிழல்தான், ஆனால் அளவு ஏறிய பிள்ளைக்கு அது காணாது. விளக்கு வேண்டும்.

2012 டெங்கு சீசனில் நான் செய்த தப்பை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரையை எழுதவே வேண்டியதில்லை. அந்த வருஷம் தென்மாவட்டங்களில், முக்கியமாகத் திருநெல்வேலிப் பக்கம், டெங்கு ஆட்டிப் படைத்தது. எங்கள் லேப் வாசலில் விடியற்காலையிலேயே வரிசை. ஜனங்கள் வாயில் ஒரே வார்த்தை: பிளேட்லெட். "எங்க பிள்ளைக்குத் தட்டணு எத்தன?" பப்பாளி இலைச்சாறு, நிலவேம்புக் கஷாயம் எல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சொம்பில் போய்வரும்.

நாலு வயசுப் பையன். அப்பா பிடித்துக்கொண்டிருந்தார், ஆனால் பிடித்த பிடி சரியில்லை. முழங்கையைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், அவன் முறுக்கிக்கொண்டே இருந்தான். ஊசி நரம்புக்குள் போய்விட்டது, ரத்தமோ சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஊதா மூடிக் குழாயில் விட்டதும் உடனே எட்டுப் பத்துத் தடவை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து எடுக்க வேண்டும், அப்போதுதான் உள்ளே இருக்கிற மருந்து ரத்தத்தில் கலந்து உறையாமல் காக்கும். அவன் அம்மா அழுதுகொண்டு என் கையைப் பிடித்து ஏதோ கேட்டாள். பதில் சொல்லிவிட்டுக் குழாயை ரேக்கில் நிறுத்தினேன். கவிழ்த்தேனா? பிற்பாடு கவிழ்த்தேன். எவ்வளவு பிற்பாடு என்று எனக்குத் தெரியும்.

மிஷின் 38,000 என்றது. சாதாரணமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. டியூட்டி டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் செய்ய வேண்டியதைச் செய்தார். ராத்திரி பத்து மணிக்கு 108-இல் பையன் மதுரைக்குப் போனான்.

இரண்டாம் நாள் அப்பா மட்டும் வந்தார். சத்தம் போடவில்லை. மேஜையில் இரண்டு தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எங்கள் தாளில் 38,000. மதுரைத் தாளில், அதே ராத்திரி, 1,90,000.

"இதுல எது மேடம் நெசம்?"

சாம்பிளை இரண்டு நாள் ஃபிரிட்ஜில் வைத்திருப்போம். அவன் குழாயைத் தேடி எடுத்து, ஒரு மரக்குச்சியை உள்ளே விட்டுச் சுழற்றினேன். குச்சி நுனியில் கேப்பை மணி அளவுக்கு ஒரு கட்டி, வால் மாதிரி ஒரு இழையோடு, ஒட்டிக்கொண்டு வந்தது. பிளேட்லெட்டெல்லாம் அந்தக் கட்டிக்குள் சிக்கிக் கிடந்திருக்கிறது. மிஷின் மிச்சத்தை எண்ணியிருக்கிறது. அவரிடம் குச்சியைக் காட்டினேன். "மதுரைத் தாள்தான்யா நெசம். இது என் தப்பு" என்றேன். அவர் கொஞ்ச நேரம் அந்தக் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டம்மா தோட்டை அடகு வைத்துவிட்டுத்தான் அன்றைக்கு ஆம்புலன்ஸில் ஏறினோம் என்று சொல்லிவிட்டு, இரண்டு தாளையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். திட்டியிருந்தால் தேவலை.

அதற்கப்புறம் பிள்ளைகள் யாருக்காவது ஒரு லட்சத்துக்குக் கீழே வந்தால் ஸ்லைடு போடாமல் நான் தாள் கொடுத்ததில்லை. ஒரு சொட்டைக் கண்ணாடியில் இழுத்து, லீஷ்மன் சாயம் ஊற்றி, காய்ந்ததும் எண்ணெய் லென்ஸில் பத்து வட்டம் எண்ணுவேன். சராசரியை 15,000-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட சரியான எண் வந்துவிடும். முதலில் ஸ்லைடின் வால் பக்கம் போய்ப் பார்ப்பேன், கொத்துக் கொத்தாகப் பிளேட்லெட் அங்கேதான் ஒதுங்கிக் கிடக்கும். சீசனில் இது ஒன்றுக்காகவே ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்திருக்கிறேன். டாக்டர்கள் பார்ப்பதோ பிளேட்லெட்டோடு நிற்காது. ரத்தம் கெட்டியாகிறதா என்று ஹீமட்டோகிரிட்டைப் பார்ப்பார்கள், காய்ச்சல் விட்ட அன்றைக்கு வயிற்றுவலி, வாந்தி, கை கால் சில்லிடுவது, ஒண்ணுக்குப் போகாமல் இருப்பது, இதையெல்லாம் கேட்பார்கள். வீட்டில் இருப்பவர்கள் 'காய்ச்சல் விட்டுருச்சு' என்று நிம்மதியாகிற அதே நாளில்தான் டெங்கு ஆளைக் கவிழ்க்கும்.

சிறுநீரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, பொறுமை வேண்டும் என்பதைத் தவிர. குழந்தைக்கு ஒட்டுகிற பிளாஸ்டிக் பையில் பிடித்த சிறுநீரைக் கல்ச்சருக்கு அனுப்பினால் தோலில் இருக்கிற கிருமியெல்லாம் முளைத்து, இல்லாத நோய்க்கு மருந்து எழுத வைக்கும். கழுவித் துடைத்துவிட்டு, கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்து, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். 'ஷ்ஷ்' என்று அம்மா சத்தம் கொடுப்பதும் குளிர்ந்த கையால் அடிவயிற்றைத் தடவுவதும் வேலை செய்யும். என் புடவை மேலும் நிறைய வேலை செய்திருக்கிறது.

தமிழ்நாட்டில் குழந்தை சரியாகச் சாப்பிடவில்லை, அடிக்கடி சளி, எடை ஏறவில்லை என்றால் எதிர்வீட்டு அக்காவே நோயைச் சொல்லிவிடுவார்: "பிரைமரி காம்ப்ளக்ஸா இருக்கும்." டாக்டரிடம் வரும்போதே, டி.பி.க்குப் பார்க்கிற மான்டு டெஸ்ட் எழுதித் தரச் சொல்லிக் கேட்பார்கள். முன்கையில் தோலுக்குள்ளேயே பத்தில் ஒரு பங்கு மில்லி போட்டால் கொசுக்கடி மாதிரி ஒரு கொப்புளம் எழும்பும். 48-லிருந்து 72 மணி நேரத்துக்குள் வர வேண்டும். கெட்டித்தட்டிய வீக்கத்தைக் கைக்குக் குறுக்கே ஸ்கேல் வைத்து அளப்போம். சிவப்பு எவ்வளவு பரந்திருந்தாலும் கணக்கில் வராது. 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் பாசிட்டிவ்.

மூன்றாம் நாள் வரச் சொன்னால் ஆறாம் நாள் வருவார்கள். மேலே சந்தனம் அப்பியிருக்கும். "அன்னைக்கு நல்லா வீங்குச்சு மேடம், இந்தா, இம்புட்டு" என்று கட்டை விரலைக் காட்டுவார்கள். அந்தக் கட்டை விரலை வைத்துத் தாள் எழுதச் சொன்னால் எப்படி? எழுதினால் பிள்ளைக்கு ஆறு மாசம் மருந்து. மறுபடி போட வேண்டும் என்றதும் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே. பாசிட்டிவ் வந்தாலும் டி.பி. கிருமி உள்ளே நுழைந்திருக்கிறது என்றுதான் அர்த்தம், நோய் இருக்கிறதா என்பதை எக்ஸ்ரேயும் டாக்டரும் சேர்ந்து சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்களிடமிருந்துதான் வரும். ஒரு பெண் பிள்ளைக்கு 18 மில்லிமீட்டர். "வீட்ல யாருக்காச்சும் இருமல்?" என்றேன். இல்லை என்று அம்மா தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே வெளியே பெஞ்சிலிருந்து ஒரு இருமல் கேட்டது. பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்த தாத்தா. பீடி இருமல் என்று பத்து மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். அவர் சளியை ஸ்லைடில் பார்த்தேன், மூன்று பிளஸ்.

ஓய்வுக்குப் பிறகும் தாள் என்னை விட்டபாடில்லை. இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி போன மாசம் ராத்திரி பத்து மணிக்கு மகனின் ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டு உடனே போன் செய்தாள். மகனுக்கு நாலு வயசு. இரண்டு நாள் காய்ச்சலுக்கு யாரோ 'ஃபுல் செக்கப்' என்று எல்லாவற்றையும் எடுத்திருக்கிறார்கள்.

"அத்தை, மூணு எடத்துல கறுப்பா கொட்டை எழுத்துல போட்ருக்கு. அல்கலைன் பாஸ்பட்டேஸ் 290, ஹை. கிரியேட்டினின் 0.4, லோ. லிம்போசைட் 52, ஹை. ஈரலு, கிட்னி, ரத்தம், எல்லாமே போச்சா?"

தாளின் வலது ஓரத்தில் 'சாதாரண அளவு' என்று ஒரு பத்தி இருக்கும். அதில் அச்சடித்திருந்தது பெரியவர்களின் அளவு. நாலு வயசில் எலும்பு வளர்ந்துகொண்டே இருக்கிறது, அல்கலைன் பாஸ்பட்டேஸ் பெரியவர்களைவிட இரண்டு மடங்குகூட இருக்கலாம். உடம்பில் தசை கொஞ்சம், அதனால் கிரியேட்டினின் கொஞ்சம். சின்னப் பிள்ளைகள் ரத்தத்தில் லிம்போசைட்தான் கூட்டம் கூட்டமாக இருக்கும். மூன்று கறுப்பு எழுத்தும் அந்த வயசுக்குச் சரியான எண்கள். இரண்டு மாசக் குழந்தைக்கு ஹீமோகுளோபின் 10 வந்தால்கூட இதே தாள் 'லோ' என்று அலறும், பிறந்தபோது இருந்த ரத்தம் குறைந்து புதுசு ஊறுகிற காலம் அது என்று தாளுக்குத் தெரியாது. பிள்ளைகளுக்கு என்று தனி அளவுப் பட்டியல் போட ஒரு லேபுக்கு எத்தனை நேரம் ஆகும்? கம்ப்யூட்டரில் ஒரு தடவை அடித்தால் போதும். இதை நான் சொல்லிச் சலித்துவிட்டேன்.

"அதெல்லாம் இருக்கட்டும்டி. பிள்ளை இப்ப என்ன பண்றான்?"

"இப்ப காய்ச்சல் இல்ல அத்தை. சாப்ட்டான். ஒண்ணுக்குப் போனான். சோபாவுலேருந்து குதிச்சுக்கிட்டிருக்கான்."

"கை கால் சில்லுனு இருக்கா?"

"இல்ல, வெதுவெதுன்னுதான் இருக்கு. டேய், இங்க வா, பாட்டிகிட்ட பேசு."

"எந்தப் பாட்டி?" என்று தூரத்தில் கேட்டது.

"ஊசிப் பாட்டிடா."

தொப்பென்று குதித்து ஓடுகிற சத்தம். ஏதோ ஒரு கதவு சாத்திக்கொண்டது. அதற்குப் பின்னாலிருந்து, "நான் வீட்ல இல்லன்னு சொல்லு!"